கூடையைப் பார்த்த சட்டம், குழியைப் பார்க்காத சட்டம்

2021ஆம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் மத்திய அரசு பாராளுமன்றத்தில் இரண்டு பதில்களைக் கொடுத்தது. கையால் மலம் அள்ளும் வேலையால் யாரும் செத்ததாகத் தகவல் இல்லை என்பது ஒன்று. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் சுத்தம் செய்யும்போது 1993 தொடங்கி 941 பேர் செத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. அந்த 941 பேரில் 213 பேர் செத்தது தமிழ்நாட்டில். மாநிலங்களின் வரிசையில் நமக்குத்தான் முதலிடம்.

முதல் பதிலைக் கேட்டுப் பலரும் கொதித்தார்கள். பச்சைப் பொய் என்றார்கள். பொய்யாக இருந்திருந்தால் நல்லது. பொய்யை ஆதாரம் காட்டி மடக்கிவிடலாம். இங்கே சிக்கல் வேறு. இரண்டு பதிலும் சட்டப்படி சரி. 'கையால் மலம் அள்ளுபவர்' என்று சட்டம் யாரைச் சொல்கிறதோ அவர் வேறு, குழிக்குள் இறங்கிச் செத்தவர் வேறு. நிஜத்தில் ரெண்டும் ஒரே ஆள்தான். காலையில் தெருச் சாக்கடையில் பீ அள்ளிப் போட்டவர் மத்தியானம் மேன்ஹோல் மூடியைத் திறந்து இறங்குவார். சாயங்காலம் யாராவது வீட்டு செப்டிக் டேங்குக்குக் கூப்பிட்டால் அதற்கும் போவார். அவருக்கு இது ஒரே வேலை, ஒரே நாற்றம், ஊர் அவருக்கு வைத்திருப்பது ஒரே பெயர். சட்டப் புத்தகம்தான் அவரை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தடை செய்துவிட்டு மறு பாதியைக் குழிக்குள் விட்டது. இந்த வெட்டு எப்படி விழுந்தது, எந்தச் சொல்லால் விழுந்தது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

சொற்களை முதலில் பார்த்துவிடுவோம். சட்டத்தில் 'உலர் கழிப்பறை' என்று இருப்பதை நம் ஜனங்கள் எடுப்புக் கக்கூஸ் என்பார்கள். எடுக்க ஒரு ஆள் வேண்டிய கக்கூஸ். இந்தப் பெயரில் அந்த ஆளும் இருக்கிறார். எடுப்பவர் இல்லாவிட்டால் எடுப்பு ஏது? சட்டத்தின் 'உலர்' என்ற சொல்லில் கக்கூஸ் மட்டும்தான் இருக்கிறது. ஆளைக் காணோம். சொல்லிலேயே நம்மாட்கள் சரியாக இருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களுக்கு இந்த ஆளைக் கண்டுபிடிப்பதில் எந்தக் கஷ்டமும் இருந்ததில்லை. 1911ஆம் ஆண்டு பஞ்சாப் நகராட்சிச் சட்டத்திலும் 1916ஆம் ஆண்டு ஐக்கிய மாகாண நகராட்சிச் சட்டத்திலும் 'வழக்காற்றுத் துப்புரவாளர்' என்று ஒருவர் வருகிறார். இன்ன வீட்டுக் கக்கூஸை இன்ன குடும்பம் எடுக்க வேண்டும் என்று பரம்பரையாக ஒரு ஏற்பாடு. வடக்கே அந்த வீடுகளைச் சீதனமாகக் கொடுப்பதும் அடகு வைப்பதும்கூட உண்டு. அவ்வளவுக்கு அது ஒரு சொத்து மாதிரி. வெள்ளைக்காரன் அதை 'உரிமை' என்று எழுதி வைத்தான். உரிமை என்று எழுதியதும் கூடவே கடமையும் வந்துவிட்டது. அந்தத் துப்புரவாளர் ஒழுங்காக வந்து எடுக்கவில்லை என்று வீட்டுக்காரர் மாஜிஸ்டிரேட்டிடம் புகார் கொடுக்கலாம். மாஜிஸ்டிரேட் அபராதம் போடலாம். திரும்பவும் தவறினால் அந்த வீட்டின் மேல் இருந்த உரிமையைப் பறிக்கலாம். பீ அள்ளுவதை உரிமை என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டு, அள்ள மாட்டேன் என்பதைக் குற்றமாக்கிய சட்டம். அந்தச் சட்டத்தில் வார்த்தைப் பிசகு எதுவும் இல்லை. யார், எந்த வீடு, எத்தனை முறை தவறினால் என்ன தண்டனை என்று எல்லாம் கச்சிதம். தண்டிக்க வேண்டிய நேரத்தில் அந்த ஆள் சட்டத்தின் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தார்.

சுதந்திரம் வந்த பிறகு கமிட்டிகள் வந்தன. 1949இல் பம்பாய் மாகாணத்தில் பார்வே கமிட்டி. 1957இல் என்.ஆர். மல்கானி தலைமையில் ஒரு கமிட்டி, 1960இல் அறிக்கை. அந்த வழக்காற்று உரிமையை ஒழிப்பது பற்றி 1965இல் மறுபடியும் மல்கானி தலைமையிலேயே ஒரு கமிட்டி, அடுத்த ஆண்டு அறிக்கை. இந்தக் கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊர் ஊராகப் போனார்கள், பார்த்தார்கள். அவர்கள் கண்ணை உறுத்திய காட்சி எது என்பதுதான் பின்னால் வரும் கதைக்கு முக்கியம். தலையில் கூடை. மழை பெய்தால் கூடையிலிருந்து ஒழுகி முகத்தில் வழியும். அதைப் பார்த்துப் பதறினார்கள். பதறியவர்கள் என்ன சொன்னார்கள்? தலைச்சுமையை நிறுத்து, தள்ளுவண்டி கொடு. பார்வே கமிட்டி சொன்னதை 1955இல் மத்திய உள்துறை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. தள்ளுவண்டி வாங்க, வாளி வாங்க என்று நிதி ஒதுக்கினார்கள். காந்தியவழிச் சீர்திருத்தத்தின் மனசுக்குள் ஒரு படம் மாட்டியிருந்தது. அந்தப் படத்தில் ஒரு பெண், அவள் தலையில் ஒரு கூடை. பாதாளச் சாக்கடை அந்தப் படத்தில் வராது. பாதாளச் சாக்கடை என்பது நாகரிகம், நகரம், முன்னேற்றம். எடுப்புக் கக்கூஸை ஒழித்துவிட்டு நாம் போய்ச் சேர வேண்டிய இடமே அதுதான் என்று நினைத்தார்கள். அந்த இடத்துக்குள்ளேயும் ஒரு ஆள் இறங்க வேண்டியிருக்கும் என்பது அந்தப் படத்தை மாட்டியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

பிறகு கக்கூஸ் மாற்றும் திட்டங்கள் வந்தன. 1970இல் பீகாரில் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கம் இரட்டைக் குழிக் கக்கூஸைப் பரப்பியது. 1980களில் மத்திய அரசும் எடுப்புக் கக்கூஸை உடைத்துத் தண்ணீர் ஊற்றும் கக்கூஸாக மாற்றப் பணம் கொடுத்தது. பிரச்சினை கக்கூஸில் இருக்கிறது, கக்கூஸை மாற்றினால் ஆள் விடுதலை ஆகிவிடுவார் என்ற நம்பிக்கை.

இந்த இரண்டும், அதாவது தலைக்கூடை என்ற படமும் பீங்கான் மேலிருந்த நம்பிக்கையும், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வார்த்தைகளாக வந்து உட்கார்ந்தன. கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துதல், உலர் கழிப்பறை கட்டுதல் தடைச் சட்டம். மூன்று இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

கையால் மலம் அள்ளுபவர் யார்? மனித மலத்தைக் கையால் சுமந்து செல்ல அமர்த்தப்பட்ட ஆள். சுமந்து செல்ல! அள்ள அல்ல, கழுவ அல்ல, குழிக்குள் இறங்கிக் கலக்கிவிட அல்ல. சுமக்க வேண்டும். அந்தப் பழைய கூடை அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. மேன்ஹோலுக்குள் இடுப்பளவு பீத்தண்ணீரில் நின்று மூங்கில் கழியால் அடைப்பைக் குத்துகிறவர் எதையும் சுமக்கவில்லையே. அதனால் அவர் இந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்.

உலர் கழிப்பறை எது? நீரடைப்புக் கழிப்பறை அல்லாத எதுவும். இவ்வளவுதான் வரையறை. நீரடைப்பு என்றால் என்ன? அதற்கு மட்டும் விளக்கம் இருக்கிறது. குறைந்தது 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீரடைப்பு. கக்கூஸ் பீங்கானுக்குக் கீழே வளைவில் தண்ணீர் நிற்குமே, நாற்றம் மேலே வராமல் தடுக்க, அதுதான் நீரடைப்பு. கொத்தனாரைக் கேட்டால் சொல்வார், அதை ஆழத்தால்தான் அளப்பார்கள், விட்டத்தால் இல்லை. 20 மில்லிமீட்டர் விட்டம் என்றால் கட்டை விரல் மொத்தம். அந்த ஓட்டையில் என்ன போகும்? பீங்கான் வளைவை மில்லிமீட்டரில் அளக்கத் துணிந்தவர்கள் அதையும் தப்பாக அளந்தார்கள். மனுசனுக்கு ஒரே வரி, அதுவும் அரைகுறை.

இந்த வரையறையால் விளைந்தது என்ன? தண்ணீர் ஊற்றினால் அது உலர் கழிப்பறை இல்லை என்று ஆயிற்று. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று சட்டம் கேட்கவில்லை. வட இந்தியாவின் பழைய நகரங்களிலும் நம்மூர்ப் பழைய தெருக்களிலும் கக்கூஸிலிருந்து ஒரு குழாய் நேராகத் தெருச் சாக்கடையில் விழும். பீங்கான் பளபளப்பாக இருக்கும், நீரடைப்பு இருக்கும், வீட்டுக்காரர் சட்டப்படி சுத்தமான மனிதர். வெளியே திறந்த சாக்கடையில் கிடப்பதை மறுநாள் காலையில் தகரத்தால் வழித்து எடுப்பவள் பழைய அதே பெண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மலத்தை மனிதர் எடுக்கும் கழிப்பறை உள்ள வீடுகள் 7,94,390 என்று வந்தபோது எல்லோரும் அதிர்ந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருந்தது. மலம் திறந்த சாக்கடையில் விடப்படும் வீடுகள் 13,14,652. அந்த மலத்தை யார் எடுத்தார்கள்? காற்றா அடித்துக்கொண்டு போயிற்று?

எதிர்ப்பக்கமும் ஒரு கூத்து உண்டு. நீரடைப்பு இல்லாத எல்லாமே உலர் கழிப்பறை என்றால், கிராமத்தில் யாரும் கை வைக்கத் தேவையில்லாத சாதாரணக் குழிக் கக்கூஸும் குற்றம்தான். முசிறிப் பக்கம் மலத்தை மக்கவைத்து எருவாக்கும் சூழல் கழிப்பறைகளைக் கட்டினார்களே, சட்டத்தின் எழுத்தை அப்படியே பிடித்துக்கொண்டால் அதுவும் குற்றம். பீ அள்ள ஆள் வைத்தவன் தப்பிக்கலாம், ஆளே வேண்டாத கக்கூஸ் கட்டியவன் மாட்டிக்கொள்ளலாம் என்கிற விதமாக ஒரு சட்டம்.

மூன்றாவது இடம் சட்டம் எங்கே செல்லும் என்பது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் அரசியல் சட்டத்தின் 252ஆம் பிரிவின்படி, சில மாநிலங்கள் கேட்டுக்கொண்டதால் பாராளுமன்றம் இயற்றியது. ஆந்திரா, கோவா, கர்நாடகா, மகாராஷ்டிரா, திரிபுரா, மேற்கு வங்கம் ஆகிய ஆறு மாநிலங்கள். மற்றவர்கள் விருப்பப்பட்டால் தீர்மானம் போட்டு ஏற்கலாம். 1993இல் இயற்றியது, அந்த ஆறு மாநிலங்களிலேயே 1997 ஜனவரி 26இல்தான் நடைமுறைக்கு வந்தது. இதை வெறும் நடைமுறைத் தாமதம் என்று நான் நினைக்கவில்லை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவின் கீழே, அதன் அமலாக்கமாக இந்தச் சட்டத்தை எழுதியிருந்தால் பாராளுமன்றம் யாரிடமும் தீர்மானம் கேட்க வேண்டியிருந்திருக்காது. கக்கூஸ் விவகாரம் என்று நினைத்ததால் சுகாதாரத் தலைப்பில் போட்டார்கள். இது சாதி விவகாரம் என்று எழுதக் கை வரவில்லை. அந்தத் தயக்கத்துக்கு விலை, எந்த மாநிலம் எப்போது மனசு வைக்கும் என்று காத்துக் கிடந்த வருசங்கள்.

தண்டனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓராண்டு வரை சிறை அல்லது 2000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வழக்குப் போட அதிகாரியின் அனுமதி வேண்டும். எந்த அதிகாரி? பெரும்பாலும் நகராட்சியைக் கையில் வைத்திருக்கும் நிர்வாகம். நகராட்சிதான் பெரிய முதலாளி. தன் மேல் வழக்குப் போடத் தானே அனுமதி கொடுக்க வேண்டும்.

நடந்தது என்னவென்றால், பல ஊர்களில் சட்டம் வந்ததும் நகராட்சிகள் அவசர அவசரமாக எடுப்புக் கக்கூஸை இடித்தன. அதில் வேலை செய்த பெண்களுக்கு மறுவாழ்வு என்று சட்டத்தில் உறுதியாக எதுவும் எழுதப்படவில்லை. தனித் திட்டங்கள் இருந்தன, கடன் கொடுத்தார்கள். நம்ம சனங்களுக்குப் பேங்கில் கடன் கொடுக்கும் லட்சணம் தெரிந்ததுதானே. கூடை போயிற்று, கூடவே அந்த மாசத்துக் காசும் பழைய சோறும் போயிற்று. ஆண்களுக்கு மட்டும் ஒரு வேலை இருந்தது. பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளின் செப்டிக் டேங்க். ஆக, தரைக்கு மேலே ஒழித்த வேலை தரைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. மேலே இருந்தவரை அது அவமானம். கீழே போனதும் அது சாவு.

சாவு எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் அடுத்த வார்த்தை அதில்தான் தடுக்கி விழுகிறது. மூடிக்கிடக்கும் குழியில் மலம் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் எல்லாம் சேரும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் ரெண்டு மூச்சில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க அண்ணனோ மச்சானோ இறங்குவார். அதனால்தான் எப்போதும் இரண்டு மூன்று பேராகச் சாகிறார்கள், பல நேரம் ஒரே குடும்பத்தில். மறுநாள் பேப்பரில் 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று வரும். தாக்கியது வாயு. இறக்கிவிட்ட ஆளுக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. இந்தத் தலைப்பை எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே எழுதுவதில்லை, பழக்கம். வாயுவைப் பிடித்துக் கைவிலங்கு போட முடியுமா?

2003இல் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கோலார் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சனும் தோழர்களும் தொடங்கிய இயக்கம். மாநில அரசுகள் வரிசையாக வந்து எங்கள் மாநிலத்தில் எடுப்புக் கக்கூஸே இல்லை, மலம் அள்ளுபவரே இல்லை என்று பிரமாணப் பத்திரம் போட்டன. மத்திய அரசின் கணக்கிலேயே 2002-03இல் 6.76 லட்சம் பேர் இருந்தார்கள். இயக்கத்துக்காரர்கள் கேமராவை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இன்ன தெரு, இன்ன கக்கூஸ், இன்ன தேதி என்று படம் எடுத்துக் கோர்ட்டில் வைத்தார்கள். சட்டத்தின் வார்த்தைக்குள் அகப்படாத ஆளைப் படத்துக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. பத்து வருசத்துக்கு மேல் அந்த வழக்கு நடந்தது.

அந்த நெருக்கடியில்தான் 2013ஆம் ஆண்டு புதுச் சட்டம் வந்தது. அமலுக்கு வந்த நாள் டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாள். பழைய ஓட்டைகள் சிலதை அடைத்தார்கள். 'சுமந்து' போய், சுத்தம் செய்தல், சுமத்தல், அப்புறப்படுத்தல், வேறு எந்த விதத்திலும் கையாளுதல் என்று விரிந்தது. 'உலர் கழிப்பறை' போய் 'சுகாதாரமற்ற கழிப்பறை' வந்தது. திறந்த சாக்கடையும் ரயில் தண்டவாளமும் உள்ளே வந்தன. மறுவாழ்வு சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஒருமுறைப் பண உதவி, வீட்டு மனை, பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பயிற்சி. முகவுரையில் வரலாற்று அநீதி என்ற சொல் வந்தது. இதெல்லாம் போராடி வாங்கியது, குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வரையறை முடிந்த கையோடு ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளின் உதவியோடு, அறிவிக்கும் பாதுகாப்புச் சாதனங்களை அணிந்து மலத்தைச் சுத்தம் செய்கிறவர் கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார். படித்துவிட்டுத் திரும்பப் படியுங்கள். அதே ஆள், அதே பீ, அதே சாதி. கையில் ஒரு ரப்பர் கையுறை, காலில் ஒரு பூட்ஸ். சட்டத்துக்கு ஆள் மாறிவிட்டார். வேலையை ஒழிக்க வந்த சட்டம், வேலைக்கு யூனிஃபார்ம் கொடுத்துவிட்டு ஒழித்தாயிற்று என்று கணக்கு முடித்தது. எழுதியவர்களின் நோக்கம் இயந்திரங்கள் வரட்டும், அதை இயக்குகிற தொழிலாளி இந்தப் பெயரைச் சுமக்க வேண்டாம் என்பதாக இருந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்வோம். காண்ட்ராக்டர் கையில் அந்த வரி என்ன ஆகும் என்று ஒரு நிமிசம் யோசித்திருக்க வேண்டாமா? ஃபோட்டோவுக்கு ஒரு ஜோடி கையுறை போதுமே அவருக்கு. ரயில்வேக்கும் இதே சலுகை தனியாக. ஓடும் ரயிலிலிருந்து தண்டவாளத்தில் விழுந்த மலம்தான் இந்தியாவிலேயே பெரிய எடுப்புக் கக்கூஸ். அப்படிப்பட்ட ரயில் பெட்டிக் கழிப்பறையை ஊழியர் பாதுகாப்புச் சாதனம் அணிந்து சுத்தம் செய்தால் அது சுகாதாரமற்ற கழிப்பறை ஆகாது என்று ஒரு விலக்கு. ரயில் பெட்டிகளில் உயிரிக் கழிப்பறை வர ஆரம்பித்துப் பல வருசம் கழித்துத்தான் தண்டவாளம் கொஞ்சம் சுத்தமாயிற்று. அதைச் செய்தது தொழில்நுட்பமும் வழக்குகளும்தான், இந்த விலக்கு இல்லை.

பாதாளச் சாக்கடைக்கும் செப்டிக் டேங்குக்கும் தனியாக ஒரு சொல் வைத்தார்கள்: 'அபாயகரமான சுத்தம் செய்தல்'. இங்கேதான் நம் ஆள் இரண்டாக வெட்டப்பட்டார். சாக்கடைக்குள் ஆளை இறக்குவதே அபாயம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியது வேறு. முதலாளி பாதுகாப்புச் சாதனமும் கருவியும் கொடுக்காமல், எச்சரிக்கை நடவடிக்கைகளை உறுதிசெய்யாமல் கையால் சுத்தம் செய்யவைப்பதுதான் அபாயகரமானது. அப்படியென்றால் சாதனம் கொடுத்து இறக்கலாம். குற்றம் இறக்கியதில் இல்லை, கொடுக்காததில் இருக்கிறது. கொடுத்தேன், அவன் போட்டுக்கொள்ளவில்லை என்று காண்ட்ராக்டர் சொல்லுவார். கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியவர் செத்துக் கிடப்பார். அதே ஆண்டின் விதிகளில், எந்தெந்தச் சூழ்நிலையில் ஆளை இறக்கலாம் என்று ஒரு பட்டியல். கடைசியில், முற்றிலும் அவசியமென்றால் தலைமை அதிகாரி காரணத்தை எழுதி அனுமதி கொடுத்து இறக்கலாம் என்று ஒரு வரி. அடைப்பு ஏற்பட்டு மேல்தெருவில் தண்ணீர் ஏறினால் எல்லாமே முற்றிலும் அவசியம்தான்.

இன்னொரு சொல்லும் கவனிக்க வேண்டும். 'மலம் முழுவதும் மக்குவதற்கு முன்பு' கையாண்டால்தான் அது கையால் மலம் அள்ளுதல். செப்டிக் டேங்க் என்பதற்குச் சட்டத்தின் வரையறையே, மலத்தைத் தேக்கி மக்கவைக்கும் தொட்டி என்பது. தொட்டியில் இருப்பது மக்கியதா மக்காததா? யார் இறங்கிப் பார்த்துச் சொல்வது?

இந்தப் பிரிவினையின் பலனை எண்ணிப் பாருங்கள். மறுவாழ்வு யாருக்கு? 'கையால் மலம் அள்ளுபவர்' என்று கணக்கெடுப்பில் அடையாளம் காணப்பட்டவருக்கு. சாக்கடையில் இறங்குகிறவர் அந்தச் சொல்லுக்குள் இல்லை. எனவே அவருக்கு மனை கிடையாது, பணம் கிடையாது, பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது. 2014 மார்ச் 27 அன்று நீதிபதி சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் தீர்ப்பளித்தது. 1993 முதல் சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்றது. பெரிய விஷயம். சட்டம் விட்டதைத் தீர்ப்பு பிடித்தது. அதன் பின்னும் நிலைமை இப்படி நின்றது: சாக்கடைத் தொழிலாளி உயிரோடு இருக்கும்வரை சட்டத்துக்குத் தெரியாது, செத்தால்தான் தெரியும். பத்து லட்சத்துக்கு முன்னால் பத்து பைசா கிடையாது.

கணக்கெடுப்பு எடுத்ததும் யார்? உள்ளாட்சி. தன் எல்லைக்குள் மலம் அள்ளுபவர் இருக்கிறார் என்று ஒரு கமிஷனர் எழுதிக் கொடுத்தால், அவர் தன் குற்றத்துக்குத் தானே வாக்குமூலம் கொடுக்கிறார் என்று அர்த்தம். இல்லை என்று எழுதினால் பாராட்டு. பல மாவட்டங்கள் 'இல்லை' என்று எழுதிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? தண்டனையையும் அடையாளம் காணுதலையும் ஒரே கையில் கொடுத்தது யோசிக்காமல் செய்த வேலை. நல்ல நோக்கத்தோடு தண்டனையைக் கூட்டக்கூட, மறைப்பதற்கான காரணமும் கூடிக்கொண்டே போயிற்று.

அப்படியும் 2013, 2018 கணக்கெடுப்புகளில் தப்பிப் பிழைத்துப் பட்டியலுக்குள் வந்தவர்கள் 58,098 பேர். அவர்களில் 43,797 பேரின் சாதி விவரத்தை அரசு 2021இன் கடைசியில் பாராளுமன்றத்தில் வைத்தது. தலித்துகள் 42,594. பழங்குடிகள் 421, பிற்படுத்தப்பட்டோர் 431, மற்றவர்கள் 351. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். கழிப்பறை, நீரடைப்பு, மில்லிமீட்டர், கருவி, சாதனம், மக்குதல் என்று இத்தனை சொல்லை வரையறுத்தவர்கள், நூற்றில் தொண்ணூற்றேழு பேரை இந்தக் குழிக்குத் தள்ளிவிட்ட அந்த ஒரு சொல்லை மட்டும் வரையறைப் பகுதிக்குள் விடவில்லை. 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, தலித்தையோ பழங்குடியையோ கையால் மலம் அள்ளவைப்பது வன்கொடுமை என்று சேர்த்தார்கள். 2016 ஜனவரி 26 முதல் அமல். சாதி வந்தது. ஆனால் 'கையால் மலம் அள்ளுதல்' என்ற பழைய சொல்லையே அங்கும் கொண்டுபோய் வைத்ததால், கையுறை மாட்டிய பழைய வாதமும் பின்னாலேயே போகிறது.

இதையெல்லாம் எதிர்பாராத விளைவு என்று சொல்லலாமா? எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சட்டம் எழுத உட்கார்ந்தவர்களில் யாராவது ஒருவர் வீட்டிலாவது குழிக்குள் இறங்கிய ஆள் இருந்திருந்தால், 'சுமந்து' என்ற சொல்லை ஒரு நொடியில் பிடித்திருப்பார். பதினெட்டு வயசுப் பையன்கூட, 'சார், நாங்க சுமக்கிறதில்ல, எறங்குறோம்'னு சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. சதி செய்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. சதிக்குக்கூட எதிராளியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தெரியாமல் எழுதினார்கள். ஆனால் எது தெரியாமல் போகிறது என்பதற்கு இந்த நாட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பீங்கான் தெரிகிறது, குழாய் தெரிகிறது, குழிக்குள் இருப்பவர் தெரிவதில்லை. 1916இல் அபராதம் போடும்போது மட்டும் நன்றாகத் தெரிந்தாரே!

பெயர் மாற்றுவதில் நம் ஆட்கள் எப்போதும் வேகம். தோட்டி போய்த் துப்புரவுப் பணியாளர் ஆயிற்று, 2020இல் தமிழ்நாட்டில் அது தூய்மைப் பணியாளர் ஆயிற்று. மரியாதையான சொல்தான், வேண்டாமென்று சொல்லவில்லை. திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வந்தபோது, அதில் வந்த காட்சிகளைவிடப் பெயர் நாறுகிறது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் பல்ராம் சிங் வழக்கில் இன்னொரு தீர்ப்பு கொடுத்தது. சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். சாக்கடைத் தொழிலாளிகளுக்கும் செத்தவர் குடும்பங்களுக்கும் முழு மறுவாழ்வு. கையால் சாக்கடை சுத்தம் செய்வதையே படிப்படியாக முற்றாக ஒழிக்க வேண்டும் என்ற உத்தரவு. வரையறை வெட்டிப்போட்ட இரண்டு பாதியையும் முப்பது வருசம் கழித்துக் கோர்ட்டு தைக்கப் பார்த்தது. 2025 ஜனவரி 29இல் அதே வழக்கில் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் கையால் மலம் அள்ளுவதும் சாக்கடையில் இறங்குவதும் கூடாது என்று உத்தரவிட்டது. எப்படி நிறுத்தினீர்கள் என்று பிரமாணப் பத்திரம் கேட்டது. சட்டப் புத்தகத்தில் அந்த விளக்கக் குறிப்பு, கையுறைக் குறிப்பு, எழுதியபடியே இருக்கிறது.

இழப்பீடு வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு சொல் காத்திருக்கிறது. சட்டத்தில் 'அமர்த்தப்பட்டவர்' என்றால் நிரந்தரமாகவோ ஒப்பந்தத்திலோ அமர்த்தப்பட்டவர். செப்டிக் டேங்க் வேலைக்கு யார் ஒப்பந்தம் எழுதுகிறார்கள்? டீக்கடை முக்கில் நிற்கிறவரை பைக்கில் வந்து ஒருவர் கூப்பிடுவார். ஐந்நூறு என்பார், எண்ணூறு என்று பேசி முடியும். அந்த பைக்காரர் வீட்டுக்காரரா, மேஸ்திரியா, மேஸ்திரிக்குக் கீழே உள்ள ஆளா என்று இவருக்குத் தெரியாது. செத்த பிறகு வீட்டுக்காரர் நான் மேஸ்திரியிடம்தான் சொன்னேன் என்பார். மேஸ்திரி நான் லாரியைத்தான் வரச் சொன்னேன், இவன் ஏன் இறங்கினான் என்று தெரியாது என்பார். தாலுக்கா ஆபீசில் அந்த அம்மாவிடம் கேட்பார்கள், உன் புருசன் யாரிடம் வேலை செய்தான், அதற்கு என்ன அத்தாட்சி என்று.